மீதி மூன்று முட்டை

கழிவுக் கோழி ஏற்றிய லாரி என்னைத் தாண்டிப் போனபோது, நான் பண்ணையை விட்டு ஒரு மைல் நடந்திருந்தேன்.

கூண்டுகளுக்கு வெளியே கழுத்தை நீட்டி, எதிர்க்காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கோழிகள் போயின. எட்டு மாதம் அவை இட்ட முட்டைகளைப் பொறுக்கியவன் நான். ஒன்றுகூட என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் அவற்றில் எது எதுவென்று தெரியாது. ஆகவே இரு தரப்பிலும் வருத்தமில்லை.

முட்டைக் கோழிக்கு வயதாகிவிட்டால் கொட்டகை ஓரிரு நாளில் காலியாகும். அடுத்த தலைமுறை வளர்ந்து முட்டைக்கு வர மாதங்கள் பிடிக்கும். அதுவரை சுண்ணாம்பு அடிக்கவும் எலி பிடிக்கவும் ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள் நானில்லை என்று காலையில் சொன்னார்கள். பையை எடுத்தேன், கிளம்பினேன்.

பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஓர் அலுமினியத் தட்டு, மேலட்டை போன ஒரு கணக்குப் புத்தகம். புதுச்சத்திரத்திலிருந்து ராசிபுரம் பக்கமாக நடந்தேன். பஸ்ஸில் போகாததற்குக் காரணம் எதுவுமில்லை. எங்கே இறங்குவது என்று கண்டக்டரிடம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏதோ ஒரு ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை சாலை முழுக்க என் கூடவே வந்தது. தூரத்தில் போதமலை, யாரோ பாதி அழித்துவிட்டுப் போன மாதிரி மங்கலாக நின்றது.

புத்தகம் வந்த வழி

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் ஒரு மாணவர் விடுதியின் சமையல்கட்டில் ஒரு வருடம் வெங்காயம் உரித்தேன். பரீட்சைகள் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது அறைகளில் புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் கட்டி எடைக்குப் போடுவது என் வேலை. போடாமல் நான் வைத்துக்கொண்டது இது ஒன்றைத்தான். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுப் புத்தகம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்களுக்கு எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை அல்லவா?

நான் ஒன்பதாவதில் நின்றவன். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனார், திரும்பி வரவில்லை. அதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் கிடையாது. பின்னாளில் நானும் ரிக் வண்டியில் போனதைச் சில வாரங்களுக்கு முன் இதே தொடரில் எழுதியிருந்தேன்.

புத்தகத்தின் கடைசிப் பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கணக்கிலும் ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். விடை காண முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியாக எதுவானாலும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று சொன்னால் போதும். பாதியில் எழுந்து போகிறவனுக்கென்றே யாரோ செய்துவைத்த கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூடப் போடுவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "எந்த ஊருங்க?" என்பார். அது முதல் கூற்று. போதாது. "அங்க யாரு ஊடுங்க?" என்று வீட்டைக் கேட்பது இரண்டாவது கூற்று. சில சமயம் போதும், சில சமயம் போதாது. போதாவிட்டால் குலசாமி கோயில் எந்தப் பக்கம் என்று மூன்றாவதாக ஒன்று வரும். தெரிய வேண்டியது தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தகவல் போதுமான இடத்தில் நிறுத்துகிற அந்தத் துல்லியத்தை எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆறில் முடியும் வர்க்கம்

ஆண்டகளூர்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் முட்டை தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. பல பண்ணைகளிலிருந்து முட்டை வரும். விளக்குக்கு மேலே காட்டி, கீறல் விட்டதை ஒதுக்கி, அளவு பார்த்து அடுக்கி அனுப்புவார்கள். எதிரே டீக்கடை. வேலை ஏதாவது கேட்கலாம் என்று அங்கே நின்றேன்.

பெஞ்சில் இரண்டு பெண்கள். தலையில் கொட்டகை வேலைக்கான துணித் தொப்பி. ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், சரசக்கா. இன்னொருவர் கோகிலா, என்னைவிட நாலைந்து வயது இளையவர், முப்பத்தைந்து இருக்கும். அவர் மடியில் ஜெராக்ஸ் தாள்கள்.

"அம்மிணி, டீ ஆறுது."

"ஆறட்டும்க்கா. எண்ணோட வர்க்கம் ஆறுல முடியுதாமா. அப்ப எண்ணு நாலுலயும் முடியலாம், ஆறுலயும் முடியலாம். எதைன்னு எடுக்கறது?"

"ரெண்டையும் எழுதிப்போட்டு வா. எது வேணுமோ அவிய எடுத்துக்கட்டும்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இரண்டாவது கூற்றுல என்ன குடுத்திருக்காங்க?" என்று கேட்டேன்.

கோகிலா நிமிர்ந்து என் பையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்துப் படித்தார். "எண்ணோட கனம் நாலுல முடியுதுங்களாம்."

"அப்ப இரண்டாவது மட்டும் போதும். முடிஞ்சுது."

"எப்படிங்க முடிஞ்சுது? நான் பதினாலு, இருபத்தாறு, முப்பத்தாறுன்னு மூணு பக்கம் பெருக்கி வெச்சிருக்கறேன்!"

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து சொன்னேன். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், பெருக்கும்போது ஒன்றாம் இலக்கத்தை முடிவு செய்வது ஒன்றாம் இலக்கம்தான். முன்னால் இருப்பவை என்ன ஆர்ப்பாட்டம் செய்தாலும் அதைத் தொட முடியாது. ஆகவே பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்தே பத்துப் பேரைப் பார்த்தால் போதும்.

வர்க்கத்தில் இரண்டிரண்டு பேர் ஒரே இடத்தில் போய் நிற்பார்கள். இரண்டும் எட்டும் நாலில், மூன்றும் ஏழும் ஒன்பதில், நாலும் ஆறும் ஆறில். அதனால் வர்க்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கனத்தில் அப்படியில்லை. இரண்டு எட்டுக்குப் போகும், எட்டு இரண்டுக்கு வரும். மூன்று ஏழுக்கு, ஏழு மூன்றுக்கு. மற்றவர்கள் அவரவர் இடத்திலேயே இருப்பார்கள். ஆளுக்கொரு இடம். கனம் நாலில் முடிந்தால், எண்ணும் நாலில்தான் முடியும்.

கோகிலா பத்து எண்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "விடை நாலுன்னு தெரிஞ்சுபோச்சு. அதை எங்கீங்க எழுதறது?"

"எழுத வேண்டாம். இரண்டாவது மட்டும் போதும்னு வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும்."

"விடை தெரிஞ்சும் எழுதாம வாரதா? வயிறு எரியுதுங்களே."

"அவ அப்படித்தான்," என்றார் சரசக்கா. "சினிமா முடிஞ்சாலும் பேர் ஓடறதெல்லாம் படிச்சுப்போட்டுத்தான் எந்திரிப்பா."

நாற்காலி

அன்று மூன்று மணிக்குப் பரீட்சை என்றார்கள். கொட்டகைக்கு மேற்பார்வையாளர் தேர்வு.

கோகிலா அங்கே ஒன்பது வருடமாக விளக்கு மேசையில் முட்டை பார்க்கிறார். அஞ்சல் வழியில் கணிதப் பட்டம் முடித்தவர். ஆனால் மேற்பார்வையாளர் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவார். யாராவது சொந்தக்காரர், அல்லது சொந்தக்காரருக்குத் தெரிந்தவர். முட்டைப் பெட்டியில் எந்தப் பக்கம் மேல் என்பதை வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது கோகிலாவின் வேலை. இதுவரை மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இப்போது முதலாளியின் மகன் பெங்களூரில் மேலாண்மை படித்துவிட்டு வந்திருந்தார். எல்லோரும் அவரைச் சின்னவர் என்றார்கள். யார் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம், கொட்டகை ஆட்களும் எழுதலாம் என்று அறிவித்துவிட்டார். கேள்விகள் எல்லாம் அவர் படித்த புத்தகத்துக் கேள்விகள். முதலாளியான பெரியவருக்கு இதில் விருப்பமில்லை. அவர் மைத்துனர் மகன் பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தார்.

"இன்னைக்கு உட்டுட்டா அந்த பி.இ. மாப்பிள்ளை வந்து உக்காந்துக்குவாருங்க," என்றார் கோகிலா. "அவருக்கு இருபத்தஞ்சு வயசு. அவரு எந்திரிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு போயிரும்."

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. டீ முடிந்து வேலைக்குப் போனவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள், மறுபடியும் உட்கார்ந்தோம். சரசக்கா எனக்கும் கொஞ்சம் தயிர்ச்சோறு என் தட்டில் போட்டார். ஏழின் அடுக்குகளைப் பார்த்தோம். ஒன்றாம் இலக்கம் ஏழு, ஒன்பது, மூன்று, ஒன்று. பிறகு திரும்ப ஏழு. நாலில் ஒரு சுற்று.

"அப்ப அடுக்கு இரட்டை எண்ணுன்னு மட்டும் சொன்னா ஒம்பதும் வரலாம், ஒண்ணும் வரலாம், போதாது. நாலால வகுபடும்னு சொன்னா ஒண்ணுதான், போதும்," என்றார் கோகிலா. நான் வாயைத் திறக்கும் முன்பே வட்டம் போட்டுவிட்டார்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். முதல் கூற்றைப் படித்து முடித்ததும் அதை மறந்துவிட வேண்டும். இரண்டாவதை ஒன்றும் தெரியாதவர்போலப் படிக்க வேண்டும்.

"மறக்கறது எனக்கு வராதுங்கண்ணா. என்ற நாத்தனா பத்து வருசம் முன்னாடி சண்டைக்கு வந்தப்ப கட்டியிருந்த சேலை கலரு இன்னும் ஞாபகம் இருக்குது."

"பச்சையா?" என்றார் சரசக்கா.

"பாசிப் பச்சைக்கா."

மூன்று மணி

மூன்று மணிக்கு நான் சின்னவரிடம் வேலை கேட்டுப் போனேன். மூட்டை தூக்குவேன், லாரியில் அடுக்குவேன் என்றேன்.

"பரீட்சை எழுதறீங்களா?" என்றார்.

"ஒன்பதாவதுங்க."

"தாள்ல படிப்பு கேக்கலைங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். நியாயமா என்று யோசிக்கவில்லை. அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஏழு பேர். கோகிலா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வாசலில் நின்ற சரசக்கா சொல்லாமல் விடவில்லை. "சோத்தையும் தின்னுபோட்டு போட்டிக்கும் உக்காந்துட்டாரு பாரு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பத்துக் கேள்விகள், இருபது நிமிடம். ஒன்பது கேள்விகள் எனக்குப் பழகின முகங்கள். பத்தாவது இது:

ஒரு வியாபாரி முட்டைகளை ஒரே அளவுள்ள ட்ரேக்களில் நிரப்புகிறார். நிரம்பியது போகச் சில முட்டைகள் மீதி. மொத்த முட்டைகளின் எண்ணிக்கையில் ஒன்றாம் இலக்கம் என்ன? கூற்று ஒன்று: மீதி முட்டை மூன்று. கூற்று இரண்டு: ஒரு ட்ரேயில் அடங்கும் முட்டைகளின் எண்ணிக்கை பத்தின் மடங்கு.

சிரிப்பு வந்தது. ட்ரே என்றால் முப்பது. எத்தனை ட்ரே ஆனாலும் கடைசியில் பூஜ்யம். மீதி மூன்று என்றால் கடைசி இலக்கம் மூன்று. முதல் கூற்று மட்டும் போதும். வட்டம் போட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்தேன்.

ஆறு குழி

சின்னவர் அங்கேயே திருத்தினார். பெரியவர் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மைத்துனர் மகனுக்கு எட்டு. கோகிலாவுக்கு ஒன்பது, ஒரு கணக்கில் விடையைக் கடைசிவரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொன்றைத் தொட நேரமில்லாமல் போயிருந்தது. எனக்கும் ஒன்பது.

"ரெண்டு ஒம்போதா?" என்றார் பெரியவர். மைத்துனர் மகன் தோற்றதில் அவருக்கு வருத்தம். இருந்தாலும் சீக்கிரம் தேறிக்கொண்டார். "அப்ப ஆம்பளைக்கே குடுத்துருப்பா. அகால நேரத்துல லோடு வந்தா நின்னு பாக்கோணும்."

கோகிலா கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பது வருடம் காத்திருந்த ஒருவரின் நாற்காலியில், காலையில் அந்த வழியாக நடந்து வந்த நான் உட்காரப்போகிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, ஒண்ணு இருக்குது," என்றார் சின்னவர். "இவரு தப்புப் பண்ணினது முட்டைக் கணக்குல. ஏழு பேர்ல ஆறு பேர் அதுல தப்பு. சரியாப் போட்டது கோகிலா மட்டுந்தான்."

பெரியவர் என் தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "சரியாத்தானப்பா போட்டிருக்காரு! மீதி மூணு, கடைசில மூணு. நாப்பது வருசமா இதே தொழில்ல இருக்கறேன். ட்ரேன்னா முப்பது."

மைத்துனர் மகனும் அதையே சொன்னார். அவரும் அப்படித்தான் போட்டிருந்தார்.

"கோகிலா, நீங்களே சொல்லுங்க," என்றார் சின்னவர்.

கோகிலா எழுந்தார். சுவரோரம் போனார். நகரத்துக் கடைகளுக்குப் போகும் ஆறு குழி ட்ரேக்கள் அங்கே அடுக்கியிருந்தன. நாலை எடுத்து வந்து மேசையில் வைத்து முட்டை நிரப்பினார். பக்கத்தில் மூன்று முட்டை தனியாக வைத்தார். ஒரு முட்டைகூட உருளவில்லை.

"இருபத்தி நாலும் மூணும் இருபத்தேழு. கடைசில ஏழுங்க." ஐந்தாவது ட்ரேயை எடுத்து நிரப்பினார். "இப்ப முப்பத்தி மூணு. கடைசில மூணுங்க. ரெண்டு தடவையும் மீதி மூணுதான். மொதக் கூற்று மட்டும் எப்படிங்க போதும்? பத்தோட மடங்குன்னு ரெண்டாவதும் சொன்னாத்தான் தெரியும். ரெண்டும் சேர்ந்தாத்தான் போதும்."

"அட, ட்ரேன்னா..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"முப்பதுன்னு தாள்ல இல்லீங்க. அது நம்ம தலையில இருக்குது."

பெரியவர் முட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

"அவங்க சொல்றதுதாங்க சரி," என்றேன் நான்.

விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முழுத் தப்பு. முதல் கூற்றை மறக்க வேண்டும் என்று மதியம் முழுக்கப் பாடம் நடத்தியவன், எட்டு மாதம் கையிலிருந்த முப்பது குழி அட்டையை மறக்கவில்லை. கோகிலாவின் கையில் எல்லா அளவு ட்ரேயும் புரண்டிருக்கிறது. அவர் எதையும் மறக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்த ஆறு குழி எத்தனை வருசமா போகுது?" என்று பெரியவர் கேட்டார்.

"நான் வந்ததுல இருந்துங்க. ஒம்பது வருசம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலைங்க."

சரசக்கா வாசலில் துணித் தொப்பியை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு வந்துரு அம்மிணி. சாவி வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டு, மைத்துனர் மகனைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் காலை

ராசிபுரம் பஸ் நிலையத்தில் படுத்து எழுந்து, ஏழரைக்கு மறுபடி கொட்டகைக்குப் போனேன். மூட்டை தூக்கும் வேலையாவது இருக்குமா என்று கேட்கத்தான்.

கோகிலா இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தது, அதில் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

"மூட்டை தூக்க ஆளு இருக்குதுங்க. ஒரே ஒரு எடம் காலியா இருக்குது. பொம்பளைங்க வரிசை. உக்காருவீங்களா?"

"உக்காருவேங்க."

விளக்கு மேசையில் ஏழு பெண்கள். நடுவில் ஒரு ஸ்டூல் காலி. முந்தின நாள்வரை கோகிலா உட்கார்ந்த இடம். அவருடைய மேலங்கியையே என்னிடம் கொடுத்தார்கள். தோளில் பிடித்தது, கை முழங்கையோடு நின்றது. சரசக்கா தன் டிபன் பையை எடுத்து இடம் விட்டார். "வா சாமி, வா. மீசை வெச்ச அம்மிணி இந்த வரிசைக்கு மொத தடவை," என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

முதல் முட்டையை விளக்குக்கு மேலே பிடித்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் பரவியது. ஓட்டில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கீறலா, ஓட்டின் ரேகையா என்று புரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். மறுபடி திருப்பினேன். எனக்குப் பின்னால் முட்டைகள் தேங்க ஆரம்பித்தன.

சாவிக்கொத்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"தெரியலைன்னா எடது பக்கம் வெச்சுப்போட்டு அடுத்ததை எடுங்க," என்றார் மேற்பார்வையாளர்.

இடது பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.